பதினோராம் பெஞ்சின் வெற்றுத் தாள்

பிப்ரவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று இப்போது தோன்றுகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று அக்கா கேட்பாள். கம்பெனிக் குடியிருப்பில் என் சுவருக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் இருக்கிறார். நான் தும்மினால் அங்கிருந்து "என்ன, சளியா?" என்று கேட்கிறார். அதுவும் போக, நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் பத்து வார்த்தை சொல்லிவிடுவீர்கள். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது.

எங்கள் வேலையிடத்தை ஆராய நீங்கள் நான்கு நாள் வந்துபோன கதை வார்ப்புக் கூடத்தில் இன்னும் ஓயவில்லை. தலைமை அலுவலகத்து ஆட்கள் எப்போதும் வாசலோடு திரும்பிவிடுவார்கள். நீங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு அச்சிலிருந்து எடுத்த ஒரு ஈர மண் கோப்பையைத் தூக்கிப் பார்த்தீர்கள். அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அதைக் கீழே போட்டு உடைத்தது இன்னும் அதிகமாகப் பிடித்துப்போயிற்று. "உலகமே உக்கார்றதுக்கு நாங்க நின்னுக்கிட்டே கக்கூஸ் கோப்பை செய்றோம் சார்" என்று நாலாம் பெஞ்சு நெட்டை சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பை அவன் தினமும் நடித்துக் காட்டினான்.

பாட்டுக்காரர் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். பதினெட்டுக் கிலோ ஈர மண்ணை நெஞ்சோடு அணைத்துத் தூக்க முடியாது, சட்டைப் பொத்தான் அதில் பதிந்துவிடும். அதனால்தான் இரண்டு முன்கையிலும் ஏந்தி, உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்து, குனிந்து, தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில் வைக்கிறோம். அங்கேதான் முதுகு போகிறது என்று அவர் சொன்னதை அறிக்கையில் எழுதினீர்களா? கீழ்த்தட்டையே எடுத்துவிட்டு, பெஞ்சு விளிம்பில் கீல் வைத்த பலகை போட்டுக் கோப்பையைச் சரித்துத் தள்ளலாம் என்ற அவருடைய யோசனையையும் எழுதினீர்களா? இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் யோசனை கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். மனிதர் அன்றிலிருந்து ஒரு சுருதி கூட்டித்தான் பாடுகிறார்.

உடம்புப் படம் போட்ட தாளைக் கொடுத்து, "பேரு எழுத வேணாம். தினமும் வலிக்கிற இடத்துல சிவப்புப் புள்ளி, எப்பவாவது வலிச்சா மஞ்சள்" என்று நீங்கள் சொன்னபோது பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். "எங்க அக்கா வீட்டுக்காரரு. நம்பிப் போடுங்கப்பா" என்றேன். போட்டார்கள்.

திங்கட்கிழமை கிளார்க் வந்து, "நாலாம் பெஞ்சு, மருத்துவ அறைக்கு வா" என்று நெட்டையைக் கூப்பிட்டார். இன்று வியாழன். நாலாம் பெஞ்சு காலியாகத்தான் இருக்கிறது. ஓய்வு கொடுத்திருப்பார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். இருக்கும்.

மற்றபடி சௌக்கியம்.

உங்கள் மச்சினன்

பிப்ரவரி 20

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை உன் அக்கா இரண்டு முறை படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள். அவளுக்கு நான் கோப்பையை உடைத்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. அக்காவும் தம்பியும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்.

பாட்டுக்காரரிடம் சொல், அவர் யோசனை அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் படத்துடன் இருக்கிறது. "வேலை செய்கிறவனைக் கேட்காமல் வேலையிடத்தைத் திருத்த முடியாது" என்று முதல் வரியிலேயே எழுதினேன். எங்கள் இயக்குநர் அதை அடிக்கோடிட்டுப் பாராட்டினார். பன்னிரண்டு வருஷமாக இந்த அலுவலகத்தில் நான் எழுதியதை யாராவது படித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

தாள்கள் பிரமாதமாக உதவின. மூலையில் பெஞ்சு எண் எழுதச் சொல்லியிருந்தேன் அல்லவா? எந்தப் பெஞ்சை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அதை வைத்துத்தான் கணக்குப் போட்டேன். ஆதாரம் வேண்டும் என்று உங்கள் மேனேஜர் கேட்டதால் பதினான்கு தாள்களையும் அறிக்கையோடு அவருக்கு அனுப்பிவிட்டேன். நெட்டையை மருத்துவ அறைக்குக் கூப்பிட்டது நல்ல செய்திதானே? அவன் தாளில் இடுப்பைச் சுற்றி ஆறு சிவப்பு இருந்தது. கவனிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

உன் பதினோராம் பெஞ்சின் தாள் மட்டும் வெறுமையாக இருந்தது. ஒரு மஞ்சள்கூட இல்லை. "உன் தம்பி உடம்பு இரும்பு" என்று அக்காவிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். பிறகு யோசித்தேன். கேன்டீனில் சாப்பிட்டு எழுந்திருக்கும்போதெல்லாம் நீ மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாய். அது வெறும் சோம்பலாகவும் இருக்கலாம்.

மாமா

மார்ச் 11

மாமாவுக்கு,

மாதிரிக்கு ஒரு வண்டி வந்தது. கீழ்த்தட்டு இல்லாதது, பாட்டுக்காரர் சொன்னபடியே செய்தது. அது கூடத்துக்குள் வரவில்லை. அலுவலக முகப்பில், வருகிறவர்கள் பார்க்கும்படி நிறுத்தி, மேல்தட்டில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமைதோறும் கிளார்க் வருகிறார். கையில் ஒரு பட்டியல். போன வாரம் ஒன்பதாம் பெஞ்சும் இரண்டாம் பெஞ்சும். இந்த வாரம் ஏழாம் பெஞ்சு, அதாவது பாட்டுக்காரர். அவர் கை கழுவிவிட்டு, பாதி திறந்த அச்சைத் துணி போட்டு மூடி, "காயாமப் பார்த்துக்கடா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நெட்டைக்கு என்ன ஆயிற்று என்று இப்போது தெரிந்துவிட்டது. லேசான வேலை என்று பின்பக்க முற்றத்தில் உடைசல் பொறுக்க விட்டார்கள். பதினைந்து நாள். பிறகு ஒரு நாள் காலையில் அவனுடைய நுழைவு அட்டைக்குக் கேட் திறக்கவில்லை. அவன் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டே நின்றானாம். பின்னால் வரிசை நின்றது. யாரோ, "சீக்கிரம்ப்பா" என்றார்களாம். அந்த யாரோ நான்தான், மாமா. முன்னால் நிற்பது யார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

காலியான பெஞ்சுகளுக்கு ஒப்பந்த ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஈரக் கோப்பையை எப்படி ஏந்துவது என்று அவர்களுக்குத் தெரியாது. உடைகிறது. அதனால் ஏழாம் பெஞ்சையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கிளார்க் எந்த வரிசையில் கூப்பிடுகிறார் என்று யோசித்தீர்களா? கேன்டீனில் எல்லோரும் யோசித்துவிட்டார்கள். சிவப்பு அதிகமானவர் முதலில். நான் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். நேற்று ஒருவர் என் காதுபடவே, "அவனோட தாள்ல ஒண்ணுமே இல்லையாமே. அவனுக்கு முன்னாடியே சொல்லி வச்சிருப்பாரு மாமா" என்றார்.

நீங்கள் இங்கே வந்து நேரில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வர வேண்டும்.

மச்சினன்

மார்ச் 17

மாப்பிள்ளை,

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை. நான் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. பெஞ்சின் எண்ணைத்தான் கேட்டேன். உயரத்தைத் திருத்த வேண்டியது பெஞ்சுக்கு, ஆளுக்கு அல்ல. உலகத்தில் எந்தத் தொழிற்சாலையிலும் பெஞ்சில் ஆள் மாறிக்கொண்டே இருப்பான்.

மேனேஜரோடு போனில் பேசினேன். "எல்லாம் மருத்துவ ஓய்வுதான், சார். உங்க தாளாலதான் அவங்க உடம்பு எவ்வளவு கெட்டிருக்குன்னே எங்களுக்குத் தெரிஞ்சுது" என்றார். குரலில் அவ்வளவு மரியாதை. போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

நான் அங்கே வந்தால் எந்த அதிகாரத்தில் வருவது? அறிக்கை கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் நான் மேலே எடுத்துப் போகலாம்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் கூடத்தில் ஒரு பெஞ்சுக்கு ஒரே ஆள்தான் என்றால், அந்தத் தாளை நீட்டியபோது நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? நீ என் பக்கத்தில்தானே நின்றாய்? ஒரு வார்த்தை, காதோடு சொல்லியிருக்கக் கூடாதா? பழியை என் தலையில் போடுவதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல்.

மாமா

மார்ச் 28

மாமாவுக்கு,

பதில் சொல்கிறேன்.

எனக்கு அப்போதே தெரியும். மூலையில் அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்ததுமே தெரியும். இங்கே ஒருவன் வேலைக்குச் சேர்ந்த அன்று எந்தப் பெஞ்சில் நிற்கிறானோ, அதில்தான் கடைசிவரை நிற்பான். அவன் உயரத்துக்கு ஏற்றபடி காலுக்கடியில் செங்கல் வைப்பான், அவன் கைப்பிடிக்கு ஏற்றபடி அச்சைச் செதுக்குவான். பாட்டுக்காரர் பெண்டாட்டிகூட "ஏழாம் பெஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு" என்றுதான் சொல்வார். எண்ணை எழுதுவது பெயரை எழுதுவதுதான்.

ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் எங்களிடம் "உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே சொல்லுங்க" என்று கேட்கிறார், அவர் என் மாமா. அந்த நேரத்தில் குறுக்கே விழுந்து, உங்கள் தாள் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு பெருமையாக இருந்தது.

எல்லோரையும் போடச் சொல்லிவிட்டு என் தாளை மட்டும் வெறுமையாக மடித்துப் பெட்டியில் போட்டேன். என்னை இதற்காக நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

மேனேஜருக்கு உங்கள் தாள் ரொம்பப் பிடித்துவிட்டது. இனி மாதாமாதம் எழுத வேண்டுமாம். நேற்று இரண்டாம் முறை கொடுத்தார்கள். மேனேஜரே பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். மிச்சமிருந்தவர்களும் ஒப்பந்த ஆட்களும் எல்லோருமே வெறுமையாக மடித்துப் போட்டோம். சிவப்புப் பென்சில்களை யாரும் தொடவில்லை. கூடத்து வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள்: "வலியில்லா நாட்கள்." தினமும் காலையில் கிளார்க் வந்து எண்ணை மாற்றுகிறார்.

இப்போது நான் மூன்று பெஞ்சு பார்க்கிறேன். போன புதன்கிழமை இடது காலில் செருப்புக் கழன்றுவிட்டது. அது கழன்றதே தெரியாமல் வண்டிவரை நடந்திருக்கிறேன். பின்னால் வந்த ஒப்பந்த ஆள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணே, இது உங்களுதா?" என்றான். சிரித்துச் சமாளித்தேன். தொடையின் உள்பக்கமும் இரண்டு நாளாக மரத்த மாதிரி இருக்கிறது.

இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தை அவள் கைக்குக் கொடுக்காதீர்கள்.

மச்சினன்

ஏப்ரல் 6

மாப்பிள்ளை,

நீ அலுவலக முகவரிக்கு அனுப்பிய கடிதத்தை இங்கேயே மேஜையில் பூட்டி வைத்திருக்கிறேன். தபால் ஒன்றும் வரவில்லை என்று உன் அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

உடனே வெளியே ஒரு நல்ல டாக்டரைப் பார். தொடை மரத்துப்போவது சாதாரண முதுகுவலி இல்லை. சிறுநீர் கழிப்பதில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். லீவு கேட்டால் கண்ணில் பட்டுவிடுவோம் என்று பயப்படாதே.

இங்கே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் முறைத் தாள்கள் வந்துசேர்ந்தன. கூட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரையில் காட்டினார்கள். முதல் படத்தில் சிவப்பாக இருந்த முதுகெல்லாம் இரண்டாவதில் வெள்ளையாக இருந்தது. ஏழே வாரத்தில் இப்படி ஒரு முன்னேற்றமா என்று கைதட்டினார்கள். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். மற்ற ஆறு தொழிற்சாலைகளுக்கும் என்னை அனுப்பப் போகிறார்களாம்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் உன் கடிதத்தைக் காட்ட வேண்டும், காட்டினால் அடுத்த திங்கட்கிழமை கிளார்க் பதினோராம் பெஞ்சைக் கூப்பிடுவார். உன்னைக் காப்பாற்றத்தான் சும்மா இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் சட்டப் பிரிவில் ஒரு விளக்கம் கேட்டார்கள். தாளில் புள்ளி இல்லை என்றால் அந்த ஆளுக்கு வலி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்று. ஆமாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பொதுவான விளக்கம்தான், யார் பெயரும் அதில் இல்லை. படிவத்தைச் செய்தவன் வேறு என்ன எழுத முடியும்?

டாக்டரைப் பார்த்தாயா என்று உடனே எழுது.

மாமா

ஏப்ரல் 19

மாமாவுக்கு,

மல்லாக்கப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். பேனா மேல்நோக்கி எழுத மாட்டேன் என்கிறது. நர்ஸ் பென்சில் கொடுத்தார்.

டாக்டரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருந்தேன். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஏழாம் பெஞ்சில் ஒரு கோப்பையை ஏந்திக்கொண்டு திரும்பினேன். உடம்பு திரும்பியது, இடது கால் திரும்பவில்லை. வலிக்கவே இல்லை, அதுதான் ஆச்சரியம். கோப்பையை உடைத்துவிடக் கூடாது என்று ஏந்தியபடியே விழுந்திருக்கிறேன். பழக்கம். அன்று காலையிலிருந்தே சிறுநீர் சரியாக வரவில்லை. நீங்கள் எழுதியது ஞாபகம் இருந்தது. இன்னும் நாலு மணி நேரம், ஷிப்டு முடியட்டும் என்று நினைத்தேன்.

அன்று இரவே ஆபரேஷன் செய்தார்கள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்று பெரிய டாக்டர் ஆரம்பித்தார், பிறகு அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. சிறுநீருக்கு ட்யூப் போட்டிருக்கிறார்கள்.

பாட்டுக்காரரும் நெட்டையும் வந்து பார்த்தார்கள். நெட்டை கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் காலைத் தூக்கி உள்ளே வைத்தான். தூக்கியது எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு பேரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மேனேஜரும் வந்தார், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு. கூடவே வந்த ஆள் ஒரு பையைத் திறந்து என் இரண்டு தாள்களையும் காட்டினார். "பிப்ரவரியிலும் வலி இல்லை, மார்ச்சிலும் வலி இல்லைன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. அப்புறம் இது எப்படி வேலையில வந்த அடின்னு சொல்ல முடியும்? வீட்டுல ஏதாவது தூக்கியிருப்பீங்க" என்றார். நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லையே, வெறும் தாள்தானே என்றேன். அவர் மூன்றாவதாக ஒரு காகிதத்தை எடுத்தார். வெறும் தாள் என்றால் வலி இல்லை என்றுதான் அர்த்தம் என்று அதில் இருந்தது. கீழே உங்கள் கையெழுத்து.

நம் உறவு கூடத்து ஆட்களைத் தாண்டி மேலே போகவில்லை. உங்கள் கையெழுத்து எனக்கு அடையாளம் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

வலியில்லா நாட்கள் பலகையில் எண் குறையவில்லையாம். இது வீட்டில் வந்த அடி அல்லவா.

மச்சினன்

ஏப்ரல் 24

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். அது இந்தத் தடவை வீட்டுக்கு வந்திருந்தது. உன் அக்கா பிரித்துப் படித்துவிட்டாள். பூட்டி வைத்திருந்த பழைய கடிதங்களையும் கேட்டாள், கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தாள். என்னுடைய கடிதங்களில் என்ன எழுதியிருந்தேன் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

கையெழுத்தைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். அதைப் போடும்போது உன் வெற்றுத் தாள் என் கண் முன்னால் இருந்தது. பொய்யென்று தெரிந்தேதான் போட்டேன். அப்போதுதான் கைதட்டியிருந்தார்கள், அதற்குள் மறுக்க எனக்கு மனம் வரவில்லை. உன்னைக் காப்பாற்ற என்று எழுதியதெல்லாம் சப்பைக்கட்டு.

அந்த விளக்கத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் ஒப்புக்கொண்டால்தான் திருப்பித் தருவோம் என்றார்கள். பிறகு ஒரு உத்தரவு வந்தது. உனக்கு நேர்ந்ததை விசாரிக்க ஒரு நிபுணரை நியமித்திருக்கிறார்கள். அது நான்தான். உறவு என்று இங்கே யாருக்கும் நான் சொன்னதில்லை. என் அறிக்கை நம்பகமானது என்று இயக்குநரே சொன்னாராம்.

கேட்க வேண்டிய கேள்வியையும் அவர்களே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். "இதற்கு முன் வலி இருந்ததா?" இல்லை என்று நீ சொன்னால், அடி வீட்டில் வந்தது. இருந்தது என்று சொன்னால், இரண்டு முறை பொய்த் தகவல் கொடுத்ததற்கு வேலை நீக்கம். எப்படிச் சொன்னாலும் உனக்கு இழப்பீடு கிடையாது.

அந்தக் கேள்வியை நான் உன்னிடம் கேட்கப் போவதில்லை. புதன்கிழமை காலை உன் கட்டிலுக்கு வருவேன், மேனேஜரும் இருப்பார். பதில் எழுதும் இடத்தில் என் வாக்குமூலத்தை எழுதப் போகிறேன். அந்தத் தாளால் யார் யார் வெளியே போனார்கள், தெரிந்த பிறகும் நான் எதில் கையெழுத்துப் போட்டேன், எல்லாம். நெட்டையையும் பாட்டுக்காரரையும் வரச் சொல், அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்கிறேன். இதை அவர்கள் ஏற்பார்களா, கிழித்துப் போடுவார்களா, தெரியாது. அன்றோடு என் நுழைவு அட்டைக்கும் கேட் திறக்காது. அதைப் பற்றி உன் அக்காவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கிளம்புகிறோம். கொஞ்சம் முன்னால் அறை வாசலில் வந்து நின்றாள். மூன்று நாளைக்குப் பிறகு முதல் முறையாக வாய் திறந்தாள். "நீங்க என்ன எழுதுறீங்கன்னு எனக்கு வேணாம். அவன் கால் அசையுதான்னு மட்டும் கேட்டு எழுதுங்க" என்றாள்.

அசைகிறதா?